ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறீர்களா? முதலில் தபால் பெட்டியில் பெயரை ஒட்டுங்கள்

ஜெர்மனிக்கு வரும் நம் ஆட்கள் குளிருக்கு ஜாக்கெட், பருப்புப் பொடி, குக்கர் என்று எல்லாவற்றையும் யோசித்து எடுத்து வருகிறார்கள். வந்த பிறகு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கடிதத்தில்தான். அரசு அலுவலகம், வங்கி, மருத்துவக் காப்பீடு என்று முக்கியமான விஷயங்கள் நிறைய இங்கே இன்னும் தபாலில்தான் வருகின்றன.

அதனால் தபால் பெட்டியில் பெயர் ஒட்டாமல் இருப்பதுதான் முதல் தவறு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் வீட்டுக்கென்று தனிக் கதவு எண் கிடையாது. முகவரியில் தெருவும் கட்டட எண்ணும் மட்டும் இருக்கும், தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார், பெயர் இல்லையென்றால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். என் வங்கி அட்டை அப்படித்தான் திரும்பிப் போய், மறுபடி கைக்கு வர மூன்று வாரம் ஆனது. நண்பர் வீட்டில் தங்கினாலும் அவர் பெட்டியில் உங்கள் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது அன்மெல்டுங், அதாவது குடியேறிய முகவரியைப் பதிவு செய்வது. வீட்டுக்குக் குடிவந்த 2 வாரத்துக்குள் செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தம் கையில் இருக்கிறதே என்று போய் நிற்காதீர்கள், அது போதாது. நீங்கள் அங்கே குடிவந்திருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தனிப் படிவம் வேண்டும். பெரிய நகரங்களில் அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் வந்த அன்றே இணையத்தில் முன்பதிவு செய்ய முயலுங்கள். பதிவு முடிந்த பிறகுதான் வரி அடையாள எண் தபாலில் வரும். அது உங்கள் கம்பெனிக்குப் போய்ச் சேராவிட்டால், பிடித்தம் மிக அதிகமாக உள்ள ஆறாம் வரிப் பிரிவில் சம்பளத்தைப் போட்டுவிட வாய்ப்பு உண்டு.

சில வாரம் கழித்து இன்னொரு கடிதம் வரும், பொது ஒலிபரப்புக் கட்டணம், மாதம் 18.36 யூரோ. "எங்கள் வீட்டில் டிவியே இல்லையே" என்று தூக்கிப் போடுபவர்கள் நிறையப் பேர். டிவி இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை, ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம், அவ்வளவுதான். நான்கு பேர் சேர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய ஒலிபரப்புக் கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்ப வேண்டும். பதிலே போடாமல் விட்டால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும்.

அரசு அலுவலகங்களும் நீதிமன்றங்களும் மஞ்சள் உறையில் அனுப்பும் கடிதத்தை மட்டும் அன்றே பிரித்துவிடுங்கள். அது பெட்டியில் விழுந்த நாளே உங்களிடம் சேர்ந்த நாளாகக் கணக்கு, அந்தத் தேதியைத் தபால்காரர் உறையின் மேல் எழுதியிருப்பார், அதனால் உறையையும் எறியக்கூடாது. உதாரணத்துக்கு, போக்குவரத்து அபராத ஆணையை எதிர்க்க அந்தத் தேதியிலிருந்து 2 வாரம்தான். ஊருக்குப் போயிருந்தேன் என்று பிறகு விளக்குவது பெரிய அலைச்சல். விடுமுறைக்குப் போகும்போது பெட்டிச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மாணவர்களுக்கு முக்கியமாக ஒன்று: டொரண்டில் படம் இறக்காதீர்கள். டொரண்ட், இறக்கும்போதே அந்தப் படத்தை மற்றவர்களுக்கும் பகிர்கிறது, அதனால் சட்டம் அதை விநியோகமாகப் பார்க்கிறது. வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து பல நூறு யூரோ கேட்டு நோட்டீஸ் வரும். வந்துவிட்டால் ஒளித்து வைக்கவும் வேண்டாம், பயந்துபோய் கூடவே வரும் உறுதிமொழிப் படிவத்தில் உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். ஃபெர்பிராவ்க்கர்சென்ட்ராலே என்ற நுகர்வோர் ஆலோசனை மையத்திடமோ வழக்கறிஞரிடமோ முதலில் காட்டுங்கள்.

வீடு காலி செய்யும்போதும் இதே கதைதான். வீட்டுக்காரர் நல்லவர், வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன் என்றால் செல்லாது, மின்னஞ்சலும் செல்லாது. கையால் கையெழுத்திட்ட கடிதம், மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மார்ச்சில் அப்படிச் சேர்ந்தால் மே கடைசியில் ஒப்பந்தம் முடியும். ஒரு நாள் தவறினால் ஒரு மாத வாடகை கூடுதல்.

பேச்சில் வரும் தவறு ஒன்று. "ஹால்ப் அக்ட்" என்றால் சொல்லுக்குச் சொல் பாதி எட்டு. நாம் எட்டரை என்று நினைப்போம், அவர்கள் சொல்வது ஏழரை. நாம் ஏழு முடிந்து அரை என்கிறோம், அவர்கள் எட்டாவது மணியில் பாதி நிறைந்தது என்கிறார்கள். டிரெஸ்டன் போன்ற கிழக்குப் பகுதி ஊர்களில் "ஃபியர்டல் அக்ட்" என்றும் சொல்வார்கள், அது ஏழேகால். மருத்துவர் நேரம் கொடுத்தால் எண்ணில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடாதீர்கள், காலி பாட்டில்களைக் கண்ணாடிக் கழிவுத் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அக்கம்பக்கத்தார் கடுகடுப்பானவர்கள் என்பதல்ல காரணம். ஞாயிறு ஓய்வு நாளாகப் பாதுகாக்கப்படும் என்று 1919 வைமார் அரசியலமைப்பிலேயே எழுதி, இப்போதைய அரசியலமைப்பான 1949 அடிப்படைச் சட்டத்திலும் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். கடைகளும் மூடியிருக்கும், பாலும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, நம் வீடுகளில் யாரும் யோசிக்காமல் செய்யும் ஒன்று: ஸ்வஸ்திக். புது வீட்டு வாசலிலும், கார் வாங்கினால் காரிலும் மஞ்சள் குங்குமத்தில் போடுகிறோம். இங்கே அதைப் போலவே இருக்கும் ஹிட்லரின் நாஜிக் கட்சிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது குற்றம், 3 ஆண்டு வரை சிறைகூட உண்டு. சட்டம் குறிவைப்பது நம் வழிபாட்டை அல்ல. ஆனால் படியேறி வரும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரியாது. இங்கே பல வாசல்களின் முன்னால் நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் அளவில் பித்தளைக் கற்களைப் பார்ப்பீர்கள். ஷ்டோல்பர்ஷ்டைன் என்று பெயர், 1992இல் குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கியது. "இங்கே வாழ்ந்தவர்" என்று தொடங்கி, அந்த வீட்டிலிருந்து நாஜிகளால் இழுத்துச் செல்லப்பட்டவரின் பெயரும் பிறந்த ஆண்டும் அதில் இருக்கும். அப்படி ஒரு கல் இருக்கும் வாசலில் அந்தச் சின்னத்தைப் பார்ப்பவருக்கு என்ன தோன்றும் என்று யோசியுங்கள். ஸ்வஸ்திக் பூஜை அலமாரிக்குள் இருக்கட்டும், வாசலில் கோலமோ பிள்ளையார் சுழியோ போடலாம்.