ஐசி டெஸ்டர் 'பாஸ்' காட்டினால் உடனே நம்பாதீர்கள்

டப்பா நிறையப் பழைய 74 சீரிஸ் லாஜிக் ஐசி (0, 1 சிக்னல்களைக் கையாளும் சிப்) கிடந்தால், ஆர்டுயினோ என்ற சிறிய கன்ட்ரோலர் போர்டில் ஒரு சாக்கெட்டைக் கோத்து, கம்ப்யூட்டரிலிருந்து இன்புட் கொடுத்து, அவுட்புட்டை ட்ரூத் டேபிளோடு (எந்த இன்புட்டுக்கு எந்த அவுட்புட் வர வேண்டும் என்ற அட்டவணை) ஒப்பிட்டுவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் ஒரு சாயங்காலத்தில் புரோகிராம் எழுதி முடித்துவிட்டேன். அது முதலில் 'பாஸ்' போட்ட 74எச்சி00-ஐ (நான்கு நாண்ட் கேட் உள்ள சிமாஸ் வகை ஐசி) கழற்றிப் பார்த்தால், 14-ஆம் பின் மடங்கி சாக்கெட்டுக்குள் போகவே இல்லை. அதுதான் சப்ளை பின்!

சிமாஸ் ஐசியின் ஒவ்வொரு இன்புட்டிலிருந்தும் சப்ளை லைனுக்கு ஒரு பாதுகாப்பு டயோடு உண்டு. ஏதாவது ஒரு இன்புட்டில் 5 வோல்ட் வந்தால் போதும், டயோடு வழியாகக் கசிவதிலேயே சிப் ஓடிவிடும், எச்சி வகைக்கு 2 வோல்ட்டே தாராளம். ஒரு கேட்டைச் சோதிக்கும்போது மற்ற மூன்றின் இன்புட்டையும் நான் 1-இல் வைத்திருந்தேன், அதுதான் வினை. எல்லா இன்புட்டையும் 0-இல் வைத்தும் ஒரு முறை பாருங்கள், அப்போது இன்புட் வழியாகச் சப்ளை கசிய வழியில்லை.

அப்படிப் பார்க்கும்போது அவுட்புட் அந்தரத்தில் தொங்கக் கூடாது. ஒவ்வொரு அவுட்புட்டிலும் ஒரு 10கே ரெசிஸ்டர் போட்டு, மறுமுனைகளை ஒன்றாகச் சேர்த்து ஆர்டுயினோவின் ஒரு பின்னில் கொடுத்துவிட்டால், தேவைப்படி மேலேயோ கீழேயோ இழுக்கலாம். எப்போதும் புல்அப் (மேலே 5 வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) மட்டும் போட்டு வைப்பது இன்னொரு தவறு. 7403-க்கும் 7400-க்கும் பின் வரிசை ஒன்றுதான், ஆனால் 7403 ஓப்பன் கலெக்டர் வகை, அவுட்புட்டைக் கீழே மட்டும்தான் இழுக்கும், தானாக 1 தராது. புல்அப் இருந்தால் அதுவும் 7400 என்றே பாஸாகிவிடும்.

நான்கு கேட்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே பேட்டர்ன் கொடுக்காதீர்கள். இரண்டு கேட்டின் அவுட்புட் உள்ளே ஒட்டியிருந்தாலும் தெரியாது.

சரி, நல்ல ஐசியை 'ஃபெயில்' என்று குப்பையில் போட வைக்கும் தவறும் இருக்கிறது. பாதுகாப்புக்கு என்று ஒவ்வொரு பின்னிலும் 1கே ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டுவிடுவோம். பழைய 7400-இன் ஒரு இன்புட்டை 0 ஆக்க அதிலிருந்து 1.6 மில்லி ஆம்பியர் வரை இழுக்க வேண்டியிருக்கும், 1கே வழியாக அந்த மின்னோட்டம் போனால் இன்புட்டில் வோல்ட்டேஜ் 0.8-ஐத் தாண்டிவிடலாம். டிடிஎல்லுக்கு (இந்தப் பழைய 7400-இன் வகை) 0.8 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் 0. குறைந்த மின்சாரம் இழுக்கும் எல்எஸ் வகை டிடிஎல் 0.4 மில்லி ஆம்பியர்தான் கேட்கும், அதனால் அங்கே 1கே தப்பித்துவிடும், பழையதை வைத்ததும் மாட்டிக்கொள்ளும். 220 ஓம் போடுங்கள், இரண்டு அவுட்புட் மோதினாலும் 23 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது.

அப்புறம், சப்ளை எப்போதும் 14, 7-இல்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 7490, 7493 இரண்டிலும் 5-இல் சப்ளை, 10-இல் கிரவுண்ட். 7474 போன்ற, முந்தைய நிலையை நினைவில் வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப்பை முதலில் கிளியர் செய்யாமல் ஆரம்பித்தால், ஒரே ஐசி காலையில் பாஸ், மாலையில் ஃபெயில் என்று விளையாட்டுக் காட்டும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் வேகத்தைப் பற்றி இந்த டெஸ்டர் எதுவும் சொல்லாது. ஆர்டுயினோவில் ஒரு டிஜிட்டல்ரைட் (ஒரு பின்னை 0 அல்லது 1 ஆக்கும் கட்டளை) முடியவே சில மைக்ரோ செகண்ட் ஆகும், 74எல்எஸ்00-இன் தாமதமோ சுமார் 10 நானோ செகண்ட். அது 50 ஆகியிருந்தாலும் திரையில் பாஸ்தான், சந்தேகம் வந்தால் ஆசிலோஸ்கோப்பைத்தான் எடுக்க வேண்டும்.