சட்டித் தண்ணீரும் கூட்டாத மூலையும்

புறவாசலுக்குக் குருவி வரவேண்டும், படம் எடுக்க வேண்டும் என்று தானியம் வாங்க ஓடாதீர்கள். எங்கள் பாளையங்கோட்டை வெயிலுக்குத் தண்ணீர்தான் முதலில் வேண்டும். நான் கம்பும் நொய்யும் தூவிய வருஷம் காக்காயும் புறாவும்தான் வந்தன. ராத்திரியில் எலி வேறு. மறு பங்குனியில் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர் வைத்தேன். மூன்றாம் நாள் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து இறங்கிவிட்டது.

சட்டி வாயகன்றதாக இருக்கட்டும். தண்ணீர் இரண்டு விரற்கடை ஆழம் போதும். நடுவில் சொரசொரப்பான கல் ஒன்று போடுங்கள், கால் ஊன்ற. தினமும் காலையில் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்ற வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது. பல பறவைகள் வாய் வைக்கிற சட்டியில் நோய் தொற்றும், கொசுவும் முட்டையிடும். பூனை பதுங்குகிற செடிகளை விட்டுத் தள்ளி வையுங்கள்.

சட்டிப் பக்கத்தில் காய்ந்த முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டுவிடுங்கள். படத்துக்கு இடம் அதுதான். சின்னான் என்கிற கொண்டைக்குருவியோ மைனாவோ நேரே தண்ணீரில் இறங்குவது அபூர்வம். கொம்பில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். அந்த இரண்டு மூன்று நொடிக்காக அடுக்களைச் சன்னலில் பழைய சேலையைத் தொங்கவிட்டு, லென்ஸ் நுழைகிற அளவு இடைவெளி விட்டுக் காத்திருக்கிறேன். ஷட்டர் வேகம் 1/1000 நொடி. ஃபோகஸ் பறவையின் கண்ணில் இருக்கட்டும். இறகு எவ்வளவு துல்லியமாக விழுந்தாலும் கண் மங்கினால் படம் செத்துவிடும். எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது, காலையில் வீட்டு நிழல் சட்டிமேலேயே விழுந்தது. சட்டியை நிழல் தாண்டித் தள்ளி வைத்த பிறகுதான் சின்னானின் கறுத்த தலையில் கொண்டை தனியாகத் தெரிந்தது.

தவிட்டுக்குருவி குளிப்பதைப் பாருங்கள். இரண்டு உள்ளே இறங்கிச் சிறகடிக்கும், மற்றவை கொம்பில் காவல். நனைந்து ஈர்க்குச்சி மாதிரி ஆனதும் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்து, ஒன்றின் கழுத்தை மற்றது கோதிவிடும். வெளிறிய அந்தக் கண் அப்போது பாதி மூடும்.

ஒரு மூலையில் மட்டும் சருகைக் கூட்டாமல் விடுங்கள். ஆச்சிக்கு முதலில் பிடிக்கவில்லை, பூச்சி வரும் என்றாள். பூச்சிக்காகத்தான் ஐப்பசியில் அந்த மூலைக்கு ஆறுமணிக்குருவி வந்தது. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே இறங்குகிற பறவை. பச்சை முதுகு, சிறகில் நீலம், வால் அடியில் சிவப்பு. காலையிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். அதன் குரலைச் செல்போனில் போட்டு இழுக்காதீர்கள், ஃபிளாஷும் வேண்டாம். கருக்கலில் கேமராவைச் சன்னல் கட்டையில் ஊன்றி, ஷட்டரை 1/100க்கு இறக்கி, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றுங்கள். குருவி சருகைப் புரட்டும்போது பட்டனை அழுத்தாதீர்கள். நாலு தத்து தத்திவிட்டுச் சிலை மாதிரி நிற்கும், அப்போது அழுத்துங்கள்.