ரெசினைக் குற்றம் சொல்வதற்கு முன்: வீட்டு சாஃப்ட்னர் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரில் பல வீடுகளில் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் சிறுவாணியோ பில்லூரோ வரும்; அதை நாங்கள் நல்ல தண்ணீர் என்போம். மற்றொன்றில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும். அது உப்புத் தண்ணீர். குளிப்பதும் துவைப்பதும் கீசரில் கொதிப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது தண்ணீர்தான் என்பதால், இங்கே வீட்டுக்கு வீடு, கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவியைப் பொருத்தும் வழக்கம் பெருகியிருக்கிறது. இவற்றைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமே 14 ஆண்டுகளாக என் தொழில்.

சென்ற மாதம் சூலூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இளைஞர் எனக்கு முன்பே அங்கே போய், "ரெசின் போயிருச்சுங்க, மாத்தணும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ரெசின் என்பது கருவிக்குள் கடினத்தைப் பிடிக்கும் சிறு மணிகள்; அவற்றைப் புதுப்பிக்கும் உப்புத் தொட்டியின் மூடியை அவர் அதுவரை திறந்தே பார்க்கவில்லை. 11 ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே சொற்களை இன்னொரு வீட்டு வாசலில் நின்று சொல்லியிருக்கிறேன் என்பதால், அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு மனம் பதறியது. அந்தப் பதற்றம்தான் இதை எழுத வைக்கிறது. உப்புப் போட மறப்பது, கசிவைக் கவனிக்காமல் விடுவது போன்ற கண்ணுக்குத் தெரியும் பிழைகளை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

டிடிஎஸ் மீட்டரை வைத்து சாஃப்ட்னரைச் சோதிப்பது

கடின நீரையும் உவர் நீரையும் நாம் ஒரே பெயரில் உப்புத் தண்ணீர் என்று சொல்லிப் பழகிவிட்டதால், சாஃப்ட்னர் உப்பை எடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது உப்பை எடுப்பதில்லை. கலனுக்குள் இருக்கும் ரெசின் மணிகள் சோடியத்தைச் சுமந்துகொண்டிருக்கின்றன. தண்ணீர் அவற்றின் ஊடே இறங்கும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை விட்டுவிடுகின்றன. எனவே டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்துள்ளவற்றின் மொத்த அளவு, ஏறத்தாழ அப்படியே இருக்கும், சில சமயம் சற்றுக் கூடவும் செய்யும். பேனா போன்ற மீட்டரை நனைத்துப் பார்த்து, "அதே 1100 காட்டுகிறது, மெஷின் வேலை செய்யவில்லை" என்று என்னை அழைத்தவர்கள் ஏராளம்.

பார்க்க வேண்டியது கடினத்தன்மையை, அதாவது கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்பதை. அதற்கென்று சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன. மருந்து கலந்த தண்ணீர் கடினமாக இருந்தால் ஒயின் சிவப்பாக நிற்கும். சொட்டுச் சொட்டாக இரண்டாவது மருந்தை விட்டு, நீலமாக மாறும் வரை எத்தனை சொட்டு என்று எண்ணினால் கடினத்தன்மை தெரிந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. உங்கள் கிணற்றுத் தண்ணீர் இந்த அளவுகோலில் எங்கே நிற்கிறது என்பது தெரியாமல் சாஃப்ட்னரைப் பராமரிக்க முடியாது.

ரெசின் செத்துவிட்டது என்று அளக்காமலே முடிவு கட்டுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான்.

சரவணம்பட்டியில் ஒரு வீடு. சோப்பு நுரைக்கவில்லை, கண்ணாடிக் கதவில் வெள்ளைத் திட்டு படிகிறது என்று அழைத்திருந்தார்கள். நான் போனபோது வீட்டுக்கார அம்மா உப்புத் தொட்டியைக் காட்டி, "முன்னயெல்லாம் மாசத்துக்கு ஒரு மூட்டை ஆகுமுங்க, இப்ப மூணு மாசமா உப்பே கொறையறதில்லைங்க" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுதும் இருந்தது. எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை. வெளிவரும் நீரில் கடினத்தன்மை 400க்கு மேல் இருந்ததை மட்டும் பார்த்து, ரெசின் தீர்ந்துவிட்டது என்றேன். 25 லிட்டர் ரெசினை வாரிக் கொட்டிவிட்டுப் புதிது நிரப்பினேன். புது ரெசின் சோடியம் ஏற்றப்பட்டே வருவதால் அன்றைக்குத் தண்ணீர் பட்டுப் போல இருந்தது, எல்லாருக்கும் நிறைவு. ஒரே வாரத்தில் மறுபடியும் அழைப்பு வந்தது.

அடுத்த முறை என்னோடு வந்த மூத்த மெக்கானிக், கலனைத் தொடவே இல்லை. "தம்பி, நீ ரெசின் மாத்துனதுக்கு அப்புறம் உப்பு எத்தனை கொறைஞ்சிருக்குன்னு பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். உப்பு ஒரு விரல்கூடக் குறைந்திருக்கவில்லை. வால்வின் பக்கவாட்டில் இருந்த இன்ஜெக்டரைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார்; கடுகளவு மண்கட்டி ஒன்று விழுந்தது. அந்த மண்கட்டிக்காக நான் நல்ல ரெசினைக் குப்பையில் கொட்டியிருந்தேன். ரெசினுக்கு வாங்கிய பணத்தை அந்தக் குடும்பத்துக்கு இரண்டு தவணையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

ரெசின் கெட்டுப்போகும் பொருள்தான் என்றாலும், நல்ல தண்ணீரில், ஒழுங்கான பராமரிப்பில் 8 முதல் 10 ஆண்டுகள் உழைக்கும். பிடித்த கால்சியத்தை இறக்கிவிட்டு மறுபடி சோடியத்தை ஏற்றிக்கொள்ள, அதற்குக் கெட்டியான உப்புநீர் வேண்டும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறோம். கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டு ரெசினை அலசும் பேக்வாஷ் முடிந்ததும் வால்வுக்குள் தண்ணீர் ஊசித்துளை போன்ற இன்ஜெக்டர் வழியே பாயும். அந்த வேகத்தில் உண்டாகும் உறிஞ்சு விசைதான் தொட்டியிலிருந்து உப்புநீரைக் கலனுக்குள் இழுக்கிறது. இந்த இழுப்பு நின்றுபோனால் டைமர் சரியாகச் சுற்றும், தண்ணீர் வடிகாலில் சரியாகப் போகும், எல்லாம் நடப்பது போலவே தோன்றும். ரெசினுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது.

ஆகவே முதலில் உப்புத் தொட்டியின் நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். உப்புநீர் இழுக்கும் கட்டத்தில் கருவியை வைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் இன்ஜெக்டரையும் அதன் சல்லடையையும் கழற்றிக் கழுவுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி இழுப்பே கெட்டுவிடும், மென்மையான பிரஷும் வெந்நீரும் போதும். உப்புக் குழாயின் இணைப்பில் காற்று புகுந்தாலும் இழுப்பு இருக்காது.

அதிலும் சரியாகவில்லை என்றால் அழுத்தத்தைப் பாருங்கள். நம் ஊரில் இதை எவரும் நினைப்பதில்லை. இன்ஜெக்டர் சரியாக உறிஞ்ச ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம் தேவைப்படும். 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் தருவது 1 கிலோதான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக இறங்கும் தண்ணீரில் பொருத்தப்பட்ட தானியங்கிக் கருவி, இடையில் பிரஷர் பம்ப் இல்லாவிட்டால், உப்பை இழுக்கவே இழுக்காது. பம்ப் பழையதாகி வலுவிழந்ததால் இழுப்பு நின்ற வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

உப்பு ஒழுங்காக இறங்குகிறது, ரீஜெனரேஷன் முடிந்தவுடன் தண்ணீர் மென்மையாகவும் இருக்கிறது, ஆனால் முன்பு போல நாள் தாங்கவில்லை என்றால் கிணற்றுத் தண்ணீரை மறுபடி அளக்க வேண்டும். கருவி பொருத்திய அன்று அளந்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். 1 லிட்டர் ரெசின் ஒரு சுற்றில் ஏறத்தாழ 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும் என்று வைத்தால், 25 லிட்டர் ரெசின் 1,250 கிராம் பிடிக்கும். கிணற்று நீர் 400 ஆக இருந்தால் 3,125 லிட்டர் வரை தாங்கும். அதே கிணறு 625 ஆக ஏறிவிட்டால் 2,000 லிட்டரில் முடிந்துவிடும். நாளொன்றுக்கு 500 லிட்டர் செலவழிக்கும் வீட்டில் 6 நாள் என்பது 4 நாளாகிவிடும். மீதி 2 நாள் கடின நீர் அப்படியே கீசருக்குள் போகும். கார்த்திகையில் பொருத்திய கருவி சித்திரையில் "கெட்டுப்போவதற்கு" நான் கண்ட வரையில் பெரும்பாலும் இதுவே காரணம். கோடையில் லாரித் தண்ணீரை இறக்கினால் கணக்கு இன்னும் மாறும். சித்திரையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை அளந்து, கருவியில் அமைத்துள்ள அளவை அதற்கேற்ப மாற்றினால் போதும்.

ரீஜெனரேஷன் முடிந்த அடுத்த நிமிடத்திலும் 60, 70 என்று ஒரே அளவில் கடினம் காட்டினால், பதப்படாத தண்ணீர் எங்கோ கலக்கிறது என்று பொருள். கலனின் நடுக்குழாய் வால்வில் சேருமிடத்திலுள்ள ஓ ரிங் தேய்ந்திருக்கக்கூடும். அந்த வளையத்தின் விலைக்கும் ரெசின் விலைக்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்த பிறகே கலனைத் திறந்து ரெசினைக் கையில் எடுக்க வேண்டும். மணிகள் விரலிடையில் நசுங்கினால் அது உண்மையிலேயே முடிந்துவிட்டது. துருநிறம் ஏறியிருந்தால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. அதற்கென உள்ள ரெசின் கிளீனரில் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பகுதி மீண்டுவிடும். ஆனால் சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பு நீக்கும் வடிகட்டியை வைக்காதவரை துரு திரும்ப ஏறிக்கொண்டே இருக்கும்.

சூலூர் வீட்டில் அந்த இளைஞரையே பென்சில் கோடு போடச் சொன்னேன். கால் மணி நேரம் இருவரும் தொட்டியருகே நின்றோம். கோடு இருந்த இடத்திலேயே தண்ணீர் நின்றது. இன்ஜெக்டரை அவரே கழற்றினார். அன்று இரவு ரீஜெனரேஷன் செய்துவிட்டு மறுநாள் அளந்தபோது கிணற்று நீர் 540, சாஃப்ட்னர் நீர் முதல் சொட்டிலேயே நீலம். அந்த எண்களையும் போட்ட உப்பின் அளவையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, கருவியின் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட்டு வந்திருக்கிறோம்.

எந்த உப்பானாலும் உப்புத்தானே என்று நினைப்பது

சமையலுக்கான அயோடின் கலந்த பொடியுப்பு தொட்டியின் அடியில் சேறு போல இறுகிவிடும். கழுவாத மலிவான கல்லுப்பில் மண்ணும் ஜிப்சமும் மக்னீசிய உப்புகளும் சேர்ந்தே வரும். மண் இன்ஜெக்டரை அடைக்கும், மக்னீசியம் நாம் நீக்க முயலும் கடினத்தையே திருப்பிக் கொண்டுவரும். மழைக்காலத்தில் அந்த உப்பு ஈரத்தை இழுத்து மேலே பாலம் போலக் கட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் தொட்டி நிறைந்திருக்கும், கீழே வெறும் தண்ணீர் நிற்கும். ஒரு கம்பை மெதுவாக விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தூத்துக்குடியிலிருந்து வரும் கழுவி உலர்த்திய பெருங்கல்லுப்பு நமக்குப் போதுமானது. எந்த உப்பைப் போட்டாலும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொட்டியை முழுதும் காலி செய்து அடிவண்டலைக் கழுவிவிடுங்கள்.

உப்பைக் கொட்டிய கையோடு ரீஜெனரேஷன் செய்வது

கைமுறைக் கருவிகள் வைத்திருப்பவர்கள் செய்வது இது. 25 லிட்டர் ரெசினுக்கு ஏறத்தாழ 4 கிலோ உப்பு தேவைப்படும், அதைக் கரைக்க 11 லிட்டர் தண்ணீர் போதும். ஆனால் கல்லுப்பு கரைய நேரம் எடுக்கும். இரவில் போட்டுவிட்டுக் காலையில் செய்யுங்கள்.

சம்ப்பில் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுவது

குளோரின் ரெசினின் கட்டமைப்பையே அரித்துவிடும். விரலிடையில் நசுங்கும் மணிகளை நான் கண்ட வீடுகளில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கம் இருந்தது. அதோடு பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு இருப்பதால் தண்ணீரின் கடினமும் கூடும். தொட்டியைக் கழுவும் நாளில் பவுடரைப் பயன்படுத்தினால், சாஃப்ட்னரை பைபாஸில் (தண்ணீர் கருவிக்குள் போகாமல் சுற்றிப் போகும் வழியில்) போட்டுவிட்டு, அந்தத் தண்ணீரை முழுதும் வெளியேற்றிய பிறகே திரும்ப இணைக்க வேண்டும்.

பேக்வாஷைப் பாதியில் நிறுத்துவது

தண்ணீர் வீணாகிறது என்று வருந்துவது புரிகிறது. ஆனால் கலங்கல் தெளியும் முன் நிறுத்தினால் ரெசின் கட்டியாகி, தண்ணீர் ஒரே தடத்தில் இறங்கிவிடும்.

சாஃப்ட்னர் நீரைச் சமையலறைக்கும் செடிக்கும் விடுவது

நீக்கப்படும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்துக்கும் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். 500 கடினமுள்ள கிணற்று நீரில் அது 230 மில்லிகிராம். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் உள்ள வீட்டில், குடிநீர்க் குழாயை சாஃப்ட்னருக்கு வெளியே வைப்பதே முறை. தோட்டத்துக்கும் பதப்படாத தண்ணீரே நல்லது. ரீஜெனரேஷன் கழிவுநீரை எக்காரணம் கொண்டும் செடிப் பாத்தியில் திருப்பாதீர்கள். சோடியம் மண்ணை இறுக்கிவிடும்.

ஊருக்குப் போய்வந்ததும் அப்படியே திறப்பது

இரண்டு வாரத்துக்கு மேல் நின்றிருந்தால், முதலில் ஒரு ரீஜெனரேஷன்.

பைபாஸ் வால்வு

சர்வீஸ் முடிந்து ஆள் கிளம்புவதற்கு முன், அது மூடியிருக்கிறதா என்று நீங்களே கையால் தொட்டுப் பாருங்கள்.