படுத்தபோது ஓர் அளவு, எழுந்தபோது ஓர் அளவு: தாழ் இரத்த அழுத்தத்தை அறிந்து கையாளும் முறை

இரத்த அழுத்தக் கருவியில் 90/60-க்குக் கீழே ஓர் அளவு தெரிந்தவுடன் அதை நோய் என்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் 88/58 என்ற அளவிலேயே நலமாக இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சிகிச்சை எதுவும் தேவைப்படுவதில்லை. எழுந்து நிற்கும்போது அந்த அளவு எவ்வளவு சரிகிறது, அப்போது தலைசுற்றல், கண் இருட்டுதல், மயக்கம் ஆகியவை வருகின்றனவா என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. அதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்.

முதல் படி: சரியாக அளத்தல்

அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, தேநீர், புகை, உடற்பயிற்சி ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, முதுகு சாய்ந்திருக்க, பாதங்கள் தரையில் படிந்திருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றாமல் தோலின் மேலேயே சுற்றி, கையை நெஞ்சின் உயரத்தில் தாங்கி வையுங்கள். மெலிந்த கைக்குப் பெரிய பட்டையைச் சுற்றினாலும், கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்தாலும் உள்ளதைவிடக் குறைவான அளவே தெரியும். ‘லோ பிபி’ என்று கவலைப்படுபவர்களில் சிலருக்குச் சிக்கல் உடம்பில் இல்லை, பட்டையில் இருக்கிறது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் நாடித்துடிப்போடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: படுத்து எழும் சோதனை

இச்சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டாம். விழ நேர்ந்தால் தாங்கிப் பிடிக்க ஒருவர் அருகில் இருக்கட்டும். ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்திருந்து அளவெடுங்கள். பிறகு எழுந்து நின்று, முதல் நிமிடத்தில் ஒரு முறையும் மூன்றாம் நிமிடத்தில் ஒரு முறையும் அளவெடுங்கள். நிற்கும்போதும் கை நெஞ்சளவில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். கிறுகிறுப்பு வந்தால் மூன்று நிமிடம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே உட்கார்ந்துவிடுங்கள்.

நாம் எழுந்து நின்றதும் ஏறக்குறைய அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் இறங்கித் தேங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இந்தக் குறைவை நொடிகளில் அறிந்து, நரம்புகளின் வழியாக இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்து, இதயத் துடிப்பையும் கூட்டுகின்றன. இந்த ஈடுகட்டல் போதாதபோது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10, அதற்கு மேலும்கூடச் சரியலாம். மூன்று நிமிடத்துக்குள் இந்த அளவு சரிவு தெரிந்தால் அதை நிலைமாற்றத் தாழ் அழுத்தம் என்று கொள்ளலாம்.

துடிப்பையும் குறிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அழுத்தம் சரிந்து துடிப்பு நன்றாகக் கூடினால், உடலில் நீரோ இரத்தமோ குறைந்திருக்கிறதா என்று மருத்துவர் முதலில் தேடுவார். அழுத்தம் வெகுவாகச் சரிந்தும் துடிப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தால், நீண்டநாள் நீரிழிவு, பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாத நோய் போன்றவற்றால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று எண்ணுவார். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

மூன்றாம் படி: காரணத்தைத் தேடுதல்

வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், இரத்தப்போக்கு, கர்ப்பத்தின் முற்பகுதி ஆகியவற்றை எளிதில் நினைவுகூரலாம். மறந்துபோவது மாத்திரைகளைத்தான். சிறுநீர் பிரியச் செய்பவை, உயர் இரத்த அழுத்தத்துக்கானவை, ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கப்படும் ஆல்ஃபா பிளாக்கர்கள், சில மனச்சோர்வு மருந்துகள் ஆகிய யாவும் அழுத்தத்தைக் குறைக்கும். பட்டியலிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

நான்காம் படி: அன்றாடம் செய்ய வேண்டியவை

படுக்கையிலிருந்து ஒரே மூச்சில் எழாமல், பாதங்களை மேலும் கீழும் சில முறை அசைத்து, விளிம்பில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பிடிமானத்தோடு நில்லுங்கள். நின்றிருக்கும்போது கிறுகிறுப்பு தொடங்கினால் கால்களைக் குறுக்காகப் பின்னித் தொடைகளையும் பிட்டத்தையும் இறுக்குங்கள். தேங்கிய இரத்தம் மேலேறும். அதற்கும் அடங்காவிட்டால் குந்தி உட்காருங்கள், இயலாவிட்டால் படுத்துக் கால்களை உயர்த்துங்கள்.

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தலைசுற்றல் வருபவர்கள், முக்கியமாக முதியவர்கள், உணவைச் சிறு அளவுகளாகப் பிரித்து, மாவுச்சத்தைக் குறைத்து உண்ணலாம். மதுவும் கொதிக்கும் வெந்நீர்க் குளியலும் இரத்தக் குழாய்களை விரித்து நிலைமையை மோசமாக்கும். தண்ணீர் போதுமான அளவு குடிப்பது பெரும்பாலோருக்கு உதவும் என்றாலும், இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. உப்பைக் கூட்டுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அது மருத்துவர் எழுதித் தர வேண்டியது, பக்கத்தில் இருப்பவர் சொல்லிச் செய்வதன்று.

எப்போது காத்திருக்கக் கூடாது

தோல் குளிர்ந்து வியர்த்தல், நாடி மெலிந்து வேகமாதல், மூச்சு வாங்குதல், பேச்சில் குழப்பம், நெஞ்சுவலி, கருநிற மலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தாழ் அழுத்தத்தோடு சேர்ந்து வந்தால், மீண்டும் மீண்டும் அளந்துகொண்டிருக்காமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். மற்றபடி, அடிக்கடி மயங்கி விழுபவர்களும் சோதனையில் சரிவு தெரிந்தவர்களும் ஒரு வார அளவுகளை நேரம், உடல்நிலை, துடிப்பு ஆகியவற்றோடு எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.