ஆர்.என்.ஏ. வைரஸின் நகலாக்கத்தை அதன் புரதங்கள் கட்டுப்படுத்தும் விதம்: தாளில் வரைந்து புரிந்துகொள்ளும் செய்முறை

ஒரு வெள்ளைத்தாள், நீலப் பென்சில், சிவப்புப் பென்சில், ஓர் அழிப்பான் ஆகியவை போதும். எடுத்துக்காட்டாக சிண்ட்பிஸ் வைரஸை எடுத்துக்கொள்வோம். 1952-இல் எகிப்தில் கொசுக்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இது, சிக்குன்குனியா வைரஸுக்கு நெருங்கிய உறவு. பலர் இன்ஃப்ளூயன்சாவில் தொடங்குகிறார்கள், அதன் ஆர்.என்.ஏ. 8 துண்டுகளாக இருப்பதால், முதல் முயற்சிக்கு அது ஏற்றதன்று என்பது என் கருத்து.

படி 1: மூல இழையை வரைதல்

இடமிருந்து வலமாக ஒரு நீலக்கோடு வரையுங்கள். இது ஏறத்தாழ 11,700 நியூக்ளியோட்டைடுகள் (ஆர்.என்.ஏ.-வின் அடிப்படை அலகுகள்) கொண்ட நேர் இழை. ரைபோசோம் இதை நேரடியாகவே படித்துப் புரதம் செய்யும். இடப்புற மூன்றில் இரண்டு பங்கை நான்கு கட்டங்களாகப் பிரித்து 1, 2, 3, 4 என்று எண்ணிடுங்கள். இவையே நகலாக்கப் புரதங்கள். இரண்டாவது புரதத்தில் புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் உள்ளது, நான்காவது, ஆர்.என்.ஏ.-வை நகலெடுக்கும் பாலிமரேஸ். எஞ்சிய வலப்புறம் வைரஸின் உறைப் புரதங்களுக்கு உரியது.

3-க்கும் 4-க்கும் இடையே ஒரு புள்ளி வையுங்கள். அங்கே ஒரு நிறுத்தக் குறியீடு இருப்பதால் பெரும்பாலான ரைபோசோம்கள் நின்றுவிடுகின்றன. சிறு பங்கு மட்டுமே அதைக் கடந்து நான்காவது புரதத்தையும் செய்கிறது. பாலிமரேஸ் குறைந்த அளவிலேயே கிடைக்கும்படி செய்யும் முதல் கட்டுப்பாடு இதுதான்.

படி 2: வெட்டுகளின் வரிசையைக் குறித்தல்

இந்தப் படியில்தான் நேரம் செலவிட வேண்டும். நான்கு புரதங்களும் முதலில் ஒட்டிய ஒரே சங்கிலியாகவே உருவாகின்றன. முதல் வெட்டு 3-க்கும் 4-க்கும் இடையே விழுகிறது. அப்போது கிடைக்கும் "123 + 4" என்னும் கூட்டணி, நீலக்கோட்டை நகலெடுக்கும் அச்சாகக் கொண்டு, அதற்கு நிரப்பான எதிர் இழையை உருவாக்குகிறது. அதைச் சிவப்பில் வரையுங்கள். அடுத்து 1-க்கும் 2-க்கும் இடையிலும், இறுதியாக 2-க்கும் 3-க்கும் இடையிலும் வெட்டு விழுகிறது. நான்கும் தனித்தனியானதும் அதே கூட்டணியால் புதிய எதிர் இழையைத் தொடங்க இயலாது. ஏற்கெனவே உள்ள சிவப்பு இழையிலிருந்து நீல இழைகளையும், உறைப் புரதங்களுக்கான ஏறத்தாழ 4,100 நியூக்ளியோட்டைடு நீளமுள்ள சிறு இழையையும் மட்டுமே அது செய்துகொண்டிருக்கும். தொற்று தொடங்கி ஏறத்தாழ 3 முதல் 4 மணி நேரத்தில் எதிர் இழை உற்பத்தி நின்றுவிடுவது இதனால்தான்.

இதற்குச் சான்று உண்டு. 2-க்கும் 3-க்கும் இடையிலான வெட்டு நிகழாதபடி மாற்றினால், எதிர் இழை உற்பத்தி தொடர்கிறது. தொடக்கத்திலேயே நான்கையும் தனித்தனியாகக் கொடுத்தால் எதிர் இழையே சரிவர உருவாவதில்லை.

தொடக்கநிலையினர் சிவப்பு இழையையும் வைரஸ் துகளுக்குள் அடைத்து வரைந்துவிடுவதுண்டு. அப்படி வரைந்திருந்தால் அழித்துவிடுங்கள். அது செல்லுக்குள் அச்சாக மட்டுமே பயன்படுகிறது.

படி 3: எதிர் இழை வைரஸுடன் ஒப்பிடுதல்

தாளின் மறுபக்கத்தில் கால்நடைகளைத் தாக்கும் வெசிகுலார் ஸ்டொமாடைட்டிஸ் வைரஸின் 11,161 நியூக்ளியோட்டைடு நீளமுள்ள எதிர் இழையைச் சிவப்பில் வரையுங்கள்; இந்த வைரஸின் துகளுக்குள் இருப்பதே எதிர் இழைதான். இங்கே வெட்டு கட்டுப்பாடாக அமைவதில்லை; புரதத்தின் அளவே கட்டுப்பாடு. ஆர்.என்.ஏ. இழையைப் போர்த்தும் 'N' என்னும் வைரஸ் புரதம் ஒவ்வொன்றும் 9 நியூக்ளியோட்டைடுகளைப் போர்த்துகிறது. அப்படியானால் முழு இழைக்கு ஏறத்தாழ 1,240 N புரதங்கள் தேவை. புதிய N புரதம் போதுமான அளவில் இல்லாதபோது, பாலிமரேஸ் ஒவ்வொரு மரபணுவின் எல்லையிலும் நின்று நின்று, புரதம் செய்ய ரைபோசோம் படிக்கும் தனித்தனித் தூது ஆர்.என்.ஏ.-க்களையே செய்கிறது. N புரதம் பெருகி, உருவாகிவரும் இழையை உடனுக்குடன் போர்த்தும்போதுதான், எல்லைகளைப் பொருட்படுத்தாமல் முழு நீள நகல் உருவாகிறது. புரத உற்பத்தியை மருந்தால் நிறுத்தினால் முழு நகல் நின்றுபோக, தூது ஆர்.என்.ஏ. மட்டும் தொடர்வதை ஆய்வகத்தில் காணலாம்.

படி 4: நீங்களே வரைந்து பார்த்தல்

இனி போலியோ வைரஸின் நேர் இழையை வரைந்து, ரைபோசோம் இடமிருந்து வலமாகவும் பாலிமரேஸ் வலமிருந்து இடமாகவும் செல்வதாக இரு அம்புக்குறிகள் இடுங்கள். இரண்டும் மோதும் இடத்தில் நிறுத்தி, இடது முனையில் மூவிலை வடிவ மடிப்பு ஒன்றை வரைந்து, அதில் வந்து ஒட்டும் 3சிடி என்னும் வைரஸ் புரதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரைபோசோமின் வேலை ஓய்ந்து நகலாக்கம் தொடங்குவதில் அந்தப் புரதத்துக்குப் பங்குண்டு.