சென்னை–பெங்களூரு: நேரக் கணக்கு சறுக்கும் இடங்கள்

எங்கள் பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஒருவர் விடாமல் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். பெங்களூருக்கு எவ்வளவு நேரம் என்று வாடிக்கையாளர் கேட்டதும், "விமானத்தில் ஒரு மணி, காரில் ஆறு மணி" என்று திரையைப் பார்த்து ஒப்பிக்கிறார்கள். டிக்கெட்டில் தேதியை மாற்றிப் போடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை திட்டு வாங்கினால் அது தானாகத் திருந்திவிடும்.

பெங்களூரில் எந்த மூலை என்று கேட்காமலிருப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். 2008இல் விமான நிலையம் நகருக்குள்ளிருந்து தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. அது வடக்குக் கோடி. எலெக்ட்ரானிக் சிட்டி தெற்குக் கோடி. அதையும் தாண்டி ஓசூர். சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகக் காரில் போகிறவருக்கோ ஓசூர்தான் முதலில் வரும்.

ஓசூர் ஆலை ஒன்றில் பதினொரு மணிக்கு இயந்திரம் பழுதுபார்க்க வேண்டியவருக்கு, எங்கள் பையன் ஒருவன் காலை ஏழு மணி விமானத்தைப் பதிவு செய்தான். கருவிப்பெட்டியைக் கையோடு உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கவுன்ட்டரில் போட வேண்டும். அதையோ ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். எனவே மனிதர் நாலரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பினார். இறங்கி, பெட்டிக்குக் காத்திருந்து, ஹெப்பாள் நெரிசலில் நின்று, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்று, அத்திப்பள்ளி எல்லையில் "தமிழ்நாட்டுக்கு பெர்மிட் இல்லை" என்று டாக்சிக்காரர் கைவிரிக்க, வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. தமிழ்நாட்டிலேயே இருக்கும் ஓர் ஊருக்குப் போக, பெங்களூரை வடக்கு தெற்காக அளந்திருக்கிறார்! அதே நாலரைக்குக் காரில் ஏறியிருந்தால் சுமார் 310 கிலோமீட்டர். வழியில் இட்லி சாப்பிட்டுவிட்டும் பத்தரைக்கெல்லாம் ஆலை வாசலில் நின்றிருப்பார். விமானக் கட்டணம், இரண்டு டாக்சி, அதுவரை ஓடாமல் நின்ற இயந்திரம் என்று எல்லாக் கணக்கும் எங்கள் தலையில் விடிந்தது.

விமான நிலையம் இருக்கும் வடக்குப் பக்கத்து எலஹங்கா, ஹெப்பாள் என்றால் விமானத்துக்குத் தயங்காதீர்கள். கிழக்கே இருக்கும் ஒயிட்ஃபீல்டுக்குக் காரில் போகிறவரைச் சித்தூர், கோலார், ஹொஸ்கோட்டே வழியாக அனுப்புங்கள். ஓசூர் சாலையில் அனுப்பி நகரைச் சுற்றவிடாதீர்கள்.

வரைபடத்து நேர்கோடு

இரு நகரங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 290 கிலோமீட்டர், சாலையில் 350. அந்த 290ஐ விமானத்தின் வேகத்தால் வகுத்து "அரை மணிகூட ஆகாது" என்று ஒருவன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். இவ்வளவு குறுகிய தூரத்தில் விமானம் முழு வேகத்தில் பறப்பதே கொஞ்ச நேரம்தான். மற்றதெல்லாம் ஏறுவதும் இறங்குவதும். அட்டவணையில் போட்டிருக்கும் ஒரு மணிச் சொச்சத்தில், தரையில் ஓடுபாதைவரை ஊர்ந்து போவதும் அடக்கம்.

350ஐ நூறால் வகுப்பது

மணிக்கு நூறு கிலோமீட்டர், ஆகவே மூன்றரை மணி என்று வகுக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை மாலை

காரில் அனுப்புவதாக இருந்தால், ஸ்ரீபெரும்புதூர் தாண்டிய பிறகுதான் பயண நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். சென்னை நெரிசலில் அதுவரை போகும் நேரம் தனி.

ரயிலை மறப்பது

2022 நவம்பர் முதல் வந்தே பாரத் ஓடுகிறது. அதிகாலையில் சென்ட்ரலில் ஏறினால் ஏறக்குறைய நாலரை மணி நேரத்தில் பெங்களூரின் நடுவே, மெஜஸ்டிக் பக்கத்தில் இறங்கலாம். அங்கே வேலை இருப்பவருக்கு விமானம் பதிவு செய்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.