ரூட் கேனால் ஃபைலை மறுபடி பயன்படுத்தும்போது நடக்கும் தவறுகள்

"நேராகத்தானே இருக்கிறது, இன்னொரு பல்லுக்குத் தாங்கும்." பல்வேரின் கால்வாயைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற கருவியான ஃபைல் அந்தக் கால்வாய்க்குள்ளேயே முறிந்து நிற்பதற்குப் பல நேரம் இந்த நம்பிக்கைதான் காரணம்.

நிக்கல் டைட்டானியம் ஃபைல் இரண்டு விதமாக முறியும். குறுகலில் முனை சிக்கிக்கொண்டு மோட்டார் மட்டும் சுற்றினால் முறுக்கத்தில் அறுந்துபோகும். அதற்கு முன் பெரும்பாலும் புரி, அதாவது ஃபைலைச் சுற்றி ஓடும் திருகு வெட்டு, பிரிந்து காட்டிக்கொடுக்கும். லூப் (உருப்பெருக்கும் கண்ணாடி) போட்டுப் பார்த்தால் தெரியும். மற்றது உலோகச் சோர்வு. வளைவில் ஃபைலின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் அமுங்குகிறது. அரைச் சுற்றில் இரண்டும் இடம் மாறுகின்றன. 300 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 300 சுற்று) 10 விநாடி ஓட்டினாலே 50 சுற்று. நுண்விரிசல் வளர்ந்துகொண்டே போகும், வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பார்வைச் சோதனையில் தேறிய ஃபைல் பாதிப் பரீட்சைதான் எழுதியிருக்கிறது.

பயன்பாட்டை நோயாளிக் கணக்கில் எண்ணுவது அடுத்த தவறு. மூன்று பேர் என்றால் முன்பல்லில் 3 கால்வாய், கடைவாய்ப் பல்லில் 12 கூட ஆகலாம். கால்வாய் கணக்கில் எழுதிவையுங்கள். கடுமையாக வளைந்த கால்வாயிலோ சுண்ணாம்பு படிந்து அடைந்த கால்வாயிலோ ஓடிய ஃபைலுக்கு அதுவே கடைசி வேலை. எண்ணிக்கை மிச்சமிருப்பது கணக்கில்லை. "சுலபமான பல்லுக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு டப்பாவில் சேர்ப்பது ஆபத்தான சிக்கனம்.

6, 8, 10 எண் கை ஃபைல்களை மறுபடி பயன்படுத்தவே வேண்டாம். 10 எண்ணின் முனை 0.10 மி.மீ.தான். மற்ற ஸ்டீல் ஃபைல்களை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்; புரிகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் பளிச்சென்று மின்னினால் அங்கே முறுக்கு அவிழ்ந்திருக்கிறது.

வெப்பப் பதம் செய்த சில ஃபைல்களில் இன்னொரு ஏமாற்று உண்டு. கோணிப்போனது ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பும். வடிவம்தான் திரும்புகிறது, சேர்ந்த சோர்வு அப்படியே இருக்கும். சூடுபட்டும் திரும்பாவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மழுங்கிய ஃபைலுக்கு மோட்டாரின் டார்க்கை (முறுக்கு விசையை) கூட்டுவதும் கையால் அழுத்துவதும் முறிவை நாமே அழைப்பது. வெட்டவில்லை என்றால் மாற்றுங்கள்.

சுத்தம் செய்வதிலும் கவனம் வேண்டும். பல்துகள் காய்ந்து புரியில் ஒட்டிவிட்டால் ஆட்டோகிளேவ் அதைச் சுட்டுக் கெட்டிப்படுத்தும். உடனே ஈரத்தில் போட்டு, ரப்பர் ஸ்டாப்பரைக் கழற்றி, அல்ட்ராசோனிக்கில் (மீயொலி அதிர்வால் அழுக்கைக் கழற்றும் தொட்டி) கழுவி, அலசிய பிறகே ஸ்டெரிலைசேஷன் (கிருமி நீக்கம்). ஹைப்போகுளோரைட்டில் (ப்ளீச் திரவம்) ஊறவைத்து விட்டுவிடாதீர்கள், அரிப்புக் குழி விழும். சூடான கண்ணாடி மணிகளுக்குள் கருவியைச் செருகும் கண்ணாடி மணி ஸ்டெரிலைசரை ஆட்டோகிளேவுக்கு மாற்றாக நம்ப வேண்டாம். உறையில் ஒருமுறைப் பயன்பாடு என்று போட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எவ்வளவு கழுவினாலும் புரிகளில் திசு மிஞ்சக்கூடும் என்பதால்தான் பிரிட்டனில் 2007இல் எல்லா ரூட் கேனால் ஃபைலையும், அதே வேலைக்கான ரீமர் என்ற கருவியையும் ஒருமுறைக்கே என்று அறிவுறுத்தினார்கள். மூளையைப் பாதிக்கும் நோய்களைப் பரப்பும் பிரியான் என்ற புரதத்தின் பயம் காரணம்.

கால்வாயிலிருந்து ஃபைல் வெளியே வந்ததும் அதே அளவு புதிய ஃபைலுக்குப் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். நீண்டிருந்தால் புரி பிரிந்திருக்கிறது, குட்டையாக இருந்தால் முனை உள்ளே நிற்கிறது. நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும். கழுவும் தொட்டியில் தெரிந்தால் அது யாருடைய பல்லில் இருக்கிறது என்றே சொல்ல முடியாது.